டர்போவின் அளவறிதல்

என் அத்தா லாரி ஓட்டுநர். தொண்ணூறுகளில், பள்ளி விடுமுறை நாள்களில் அவரோடு நானும் சென்றதுண்டு. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது, எஞ்சினின் முழக்கத்துக்கு மேலே மெல்லிய விசில் ஒலி ஒன்று எழும். "டர்போ பிடிச்சிருச்சு" என்பார் அத்தா. அதன்பின் வண்டி மேட்டை ஏறும் நடையே வேறாகிவிடும். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது, ஏன் சமவெளியில் கேட்பதில்லை என்று அன்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

முப்பதாண்டுகள் கழித்து அந்தக் கேள்வி வேறு வடிவில் வீடு தேடி வந்தது. என் அக்காள் மகன் மூன்றாண்டுச் சேமிப்பைக் கொண்டு பழைய மகிழுந்து ஒன்றை வாங்கினான். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ இல்லாதது. அதற்கு டர்போ பூட்ட வேண்டும் என்று ஆசை. பட்டறைக்காரர், "தம்பி, பெருசாப் போட்டா பவரும் பெருசா வரும்" என்று சொல்லி, பழைய பொருள் சந்தையில் கிடைத்த ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். நாலாயிரம் சுற்றுவரை வண்டி முன்னிலும் மந்தம். அதற்கு மேல் திடீரென்று ஒரு பாய்ச்சல். ஐந்தாம் மாதம் மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் உடைந்தது. சேமிப்பில் எஞ்சியிருந்ததும் அத்தோடு போயிற்று. "மாமா, அது மேல ஏதோ எழுத்தும் எண்ணும் போட்டிருந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு யாருமே சொல்லலை" என்றான். எழுத்துக்குப் பொருள் காண்பது என் தொழில். எனவே படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றை நம் மாணவர்க்கும் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறேன்.

எஞ்சின் ஆற்றல் தருவது எரிபொருளை எரித்து. எரிவதற்குக் காற்று வேண்டும். சிலிண்டரின் கொள்ளளவு மாறாதது. ஆதலின் கூடுதல் காற்று புக வேண்டுமாயின் அதை அமுக்கித்தான் உள்ளே செலுத்த வேண்டும். எரிந்தபின் வெளியேறும் புகைவளியில் வீணாகும் ஆற்றலைக் கொண்டே அந்த வேலையைச் செய்விக்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி. அவர் காப்புரிமை பெற விண்ணப்பித்த ஆண்டு 1905. ஓர் அச்சின் ஒருமுனையில் புகைவளி சுழற்றும் சக்கரம். அதைச் சுழலி என்போம். மறுமுனையில் காற்றை அமுக்கும் சக்கரம். அதை அமுக்கி என்போம். சிறு மகிழுந்துகளின் டர்போவில் இந்த அச்சு நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அத்தாவின் லாரியில் கேட்ட விசில் இதன் ஒலியே. மேட்டில் எஞ்சினுக்குச் சுமை கூடும், எரிபொருள் மிகுதியாக எரியும், புகைவளியும் பெருகும், அச்சு வேகமெடுக்கும். சமவெளியில் எஞ்சின் அவ்வளவு உழைப்பதில்லை, ஒலியும் அடங்கிவிடும்.

இனி டர்போவின் பெயரைப் பார்ப்போம். காரெட் என்னும் நிறுவனத்தின் பட்டியலில் 'ஜிடி2871ஆர்' என்று ஒன்று உண்டு. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரிப்பதுபோல் இதையும் பிரிக்கலாம். 'ஜிடி' என்பது குடும்பப் பெயர். '28' சட்டகத்தின் வரிசை. '71' அமுக்கிச் சக்கரத்தின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். இறுதியிலுள்ள 'ஆர்' குண்டுத் தாங்கி கொண்டது என்பதைக் குறிக்கும். இவ்வளவும் பெயரிலேயே இருக்கிறது.

ஆயின் இலக்கணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது இத்துறையின் பெருந்தொல்லை. போர்க்வார்னரின் 'ஈஎப்ஆர் 6258' என்பதில் 62 அமுக்கியின் வெளிவிட்டம். பிரிசிஷன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் '6266' என்பதிலோ 62 அமுக்கியின் வாய்விட்டம். அதாவது காற்று நுழையும் முகப்பின் விட்டம். முன்னதன் வாய் ஏறத்தாழ 50 மி.மீ. மட்டுமே. எனவே முன்னது 450 குதிரைத்திறன் அளவோடு நிற்க, பின்னது எழுநூறையும் தாண்டும். ஒரே '62' தான்! எண் பொருந்துகிறது என்று நம்பி வாங்குபவர் ஏமாறும் இடம் இது.

வாய்விட்டத்துக்கும் வெளிவிட்டத்துக்கும் உள்ள உறவை 'டிரிம்' என்பர். வாய்விட்டத்தின் வர்க்கத்தை வெளிவிட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். மேற்சொன்ன ஜிடி2871ஆர் டர்போவின் வாய் 53.1 மி.மீ., வெளிவிட்டம் 71 மி.மீ.; கணக்கிட்டால் 56 வரும். இதே 71 மி.மீ. சக்கரம் 48, 52 என்னும் டிரிம் எண்களிலும் செய்யப்பட்டது. 48 ஆனால் வாய் 49 மி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. ஏனைய அளவுகள் ஒத்திருக்க, டிரிம் கூடினால் சக்கரம் விழுங்கும் காற்றும் கூடும். பெயர் ஒன்றாயிருந்தும் பொருள் மூன்றாகும் இந்த நுட்பத்தை விற்பவர் பலர் சொல்வதில்லை. வாங்குபவரே கேட்டறிய வேண்டும்.

சுழலியின் பக்கத்தில் வேறோர் எண் உண்டு, 'ஏ/ஆர்' என்பர். சுழலியைச் சூழ்ந்த இரும்புக்கூடு நத்தையோடு போல் சுருண்டு சுருண்டு குறுகும். அதை எவ்விடத்தில் குறுக்கே வெட்டினாலும், வெட்டுமுகத்தின் பரப்பை, அதன் மையத்துக்கும் அச்சுக்கும் உள்ள தொலைவால் வகுத்தால் ஏறத்தாழ ஒரே எண்ணே கிடைக்கும். அதுவே ஏ/ஆர். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் விரைந்து பாய்வதைக் கண்டிருப்போம். ஏ/ஆர் சிறிதானால் புகைவளியும் அவ்வாறே விரைந்து சக்கரத்தில் மோதும்; குறைந்த சுற்றிலேயே அழுத்தம் எழும். ஆனால் எஞ்சின் வேகமெடுத்து வளி பெருகும்போது அதே குறுகிய வழி அடைப்பாகிப் புகையைத் திரும்பத் தள்ளும். உச்சத்தில் ஆற்றல் குன்றும். பெரிய ஏ/ஆர் இதற்கு நேர்மாறு. காரெட்டின் 28 வரிசையில் 0.64, 0.86 என்று இரு கூடுகள் கிடைக்கும். ஒரே சக்கரத்தைக் கூடு மாற்றிச் சுறுசுறுப்பாகவும் ஆக்கலாம், மந்தமாகவும் ஆக்கலாம். அமுக்கிப் பக்கத்துக்கும் ஏ/ஆர் உண்டெனினும் அதன் விளைவு சிறிது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. பரப்பைத் தொலைவால் வகுத்தால் கிடைப்பது நீளம். காரெட் அதை அங்குலத்தில் தருகிறது. மிட்சுபிஷியின் டிடி வரிசையிலோ கூட்டின் பரப்பை மட்டும் சதுர சென்டிமீட்டரில் தருவர். ஒருவரது எண்ணை மற்றவரது எண்ணோடு ஒப்பிடுவது முழத்தையும் படியையும் ஒப்பிடுவது போன்றது. ஒரே நிறுவனத்திலும் சட்டகம் மாறினால் சக்கரம் மாறும், அப்போது 0.64 என்னும் அதே எண் வேறு அளவு வளியை விடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். என் மருமகனின் எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன். நான்கடிப்பு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை நிரப்புகிறது. 6000 சுற்றில் நிமிடத்துக்கு 3000 முறை, 1.5 லிட்டரால் பெருக்கினால் 4500 லிட்டர். நூற்றுக்கு நூறு நிரம்புவதில்லை. 90 விழுக்காடு என்று கொண்டால் 4050 லிட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.15 கிலோ. ஆக நிமிடத்துக்கு 4.7 கிலோ காற்று. பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று ஏறத்தாழ 22 குதிரைத்திறன் தரும் என்பது தொழிலோர் வழக்கிலுள்ள தோராய விதி. எனவே நூறு குதிரைத்திறனைச் சற்றே தாண்டும். அவன் வண்டியின் கையேட்டில் இருந்ததும் ஏறத்தாழ அதுவே.

இதற்கு 0.6 பார் கூடுதல் அழுத்தம் தருவோம். டர்போவின் மொழியில் இதை 'அழுத்த விகிதம்' என்று சொல்ல வேண்டும்: வெளிவரும் முழு அழுத்தத்தை உட்புகும் முழு அழுத்தத்தால் வகுத்தது. கடல்மட்டத்தில் இது 1.6. அமுக்கப்பட்ட காற்று சூடேறும். இடைக்குளிர்விப்பான் அதை 60 பாகைக்கு இறக்குவதாகக் கொண்டால், காற்று நிமிடத்துக்கு 6.9 கிலோ, ஆற்றல் ஏறத்தாழ 150 குதிரைத்திறன். அன்றாடம் நகரத்தில் ஓட்டும் 2500 சுற்றில் இதே அழுத்தம் வேண்டுமானால் 2.9 கிலோ. ஆக அவனுக்குத் தேவை நிமிடத்துக்கு மூன்று முதல் ஏழு கிலோ வரை காற்றைத் தரும் சிறு அமுக்கி. காரெட் பட்டியலில் ஜிடி1548 என்பது 1.0 முதல் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு, 100 முதல் 200 குதிரைத்திறனுக்கு என்று குறிக்கப்பட்டது. சக்கரம் 48 மி.மீ.

பட்டறைக்காரர் பூட்டியது எது? கழற்றிய சக்கரத்தை வெர்னியர் அளவுகோலால் நானே அளந்தேன். வாய் 54, வெளிவிட்டம் 76 மி.மீ. நிமிடத்துக்குப் பதினெட்டுக் கிலோ அளவில் காற்றைத் தள்ளும் இனம். வடிவம் மாறாமல் பருமன் மட்டும் மாறும் சக்கரத்தின் சுழல்நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. 76ஐ 48ஆல் வகுத்து ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ பத்து. பத்து மடங்கு சோம்பலான சக்கரம்! பார்வைக்கு ஒன்றரை மடங்குதான் பெரிது, கண் ஏமாற்றிவிட்டது.

ஒவ்வோர் அமுக்கிக்கும் தயாரிப்பாளர் ஒரு வரைபடம் தருவர். கிடையச்சில் காற்றின் அளவு, நெட்டச்சில் அழுத்த விகிதம். நடுவே தீவுகள் போல் செயல்திறன் வளையங்கள். இடப்புறம் ஒரு கோடு. அதைத் தாண்டினால் காற்று முன்னும் பின்னும் அலைபாய்ந்து சக்கரத்தையும் தாங்கியையும் உலுக்கும். வலப்புறம் தாண்டினால் சக்கரத்தின் வாய் திணறும். நம் எஞ்சினுக்குத் தேவையான புள்ளிகளைக் குறித்தால் அவை தீவுகளின்மேல் விழ வேண்டும். மருமகனின் புள்ளிகளோ இடப்புறக் கோட்டின் அருகிலேயே கிடந்திருக்கும். 35 பாகைக் காற்றை 1.6 விகிதத்துக்கு அமுக்கும்போது செயல்திறன் 75 விழுக்காடாயின் அது 94 பாகையில் வெளிவரும்; 55 விழுக்காடாயின் 116 பாகையில். சூடான காற்று பெட்ரோலை உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கச் செய்யும். பட்டறையில் 'நாக்கிங்' என்பது இதுவே. பிஸ்டனைத் தின்பதும் இதுவே.

பிஸ்டன் உடைந்ததற்குப் பருமன் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கீழே இழுவை இல்லை என்று அவன் குறைப்பட, அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கூடிய காற்றுக்கு ஏற்ற எரிபொருளைத் தெளிப்பான்களால் தர இயலவில்லை. தீப்பொறியின் நேரத்தையும் தள்ளி வைக்கவில்லை. ஆயின் இத்தனை பிழைக்கும் முதற்படி அந்தப் பெரிய சக்கரந்தான்.

லாரிக்குப் பெரிய டர்போ பொருந்துகிறதே, மகிழுந்துக்கு ஏன் ஆகாது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஐந்தேமுக்கால் லிட்டர் லாரி எஞ்சின் 2400 சுற்றில் நிமிடத்துக்கு 6900 லிட்டர் இழுக்கும். நம் மகிழுந்து உச்சத்தில் 4500. உச்சத்தை மட்டும் பார்த்தால் இடைவெளி அவ்வளவு பெரிதன்று. ஆனால் லாரி ஆயிரத்துக்கும் 2400க்கும் இடையிலேயே வாழ்கிறது. உச்சம், கீழெல்லையைப் போல் இரண்டரை மடங்குக்குள். பெட்ரோல் மகிழுந்து ஆயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை ஓடும், ஆறு மடங்கு. இந்த அகன்ற வெளி முழுவதையும் ஒரே சக்கரம் ஆள முடியாது. எந்தப் பகுதியை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதே அளவு தேர்தல். அன்றியும், பெட்ரோல் எஞ்சினின் புகைவளி டீசலினதைவிட மிகச் சூடானது; டீசல் டர்போவின் கூடும் சக்கரமும் அதற்கென வார்க்கப்பட்டவை அல்ல.

வரலாறும் இதையே காட்டுகிறது. பிஎம்டபிள்யூ 1973இல் வெளியிட்ட 2002 டர்போ, இரண்டு லிட்டர் எஞ்சினில் 170 குதிரைத்திறன் தந்தது; அதன் உச்ச முறுக்குவிசை 240 நியூட்டன் மீட்டர், 4000 சுற்றில். கீழே உறங்கி மேலே பாயும் வண்டி என்று பெயர் பெற்றது. எண்ணெய் நெருக்கடியும் சேர, 1672 வண்டிகளோடு 1975இல் நின்றது. சுவீடனின் சாப் நிறுவனம் 1977இல் காட்டிய 99 டர்போவும் ஏறத்தாழ அதே கொள்ளளவுதான். ஆனால் சிறிய டர்போவைத் தேர்ந்து, மிகுவளியை வேஸ்ட்கேட் என்னும் வடிகதவு வழியே வெளியேற்றினர். 145 குதிரைத்திறன் போதும் என்று நிறுத்திக்கொண்டனர். 235 நியூட்டன் மீட்டர் 3000 சுற்றிலேயே கிடைத்தது. இருபத்தைந்து குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து ஆயிரம் சுற்றை வாங்கினார்கள். இன்று சாலையில் ஓடும் டர்போ மகிழுந்துகள் பெரும்பாலும் சாப் காட்டிய வழியில் வந்தவையே.

நம் நாட்டில் பலர் அறிந்த சான்றும் ஒன்றுண்டு. பியட் வடிவமைத்து, மாருதி வண்டிகளிலும் 2020 வரை பூட்டப்பட்ட 1248 கன செ.மீ. டீசல் எஞ்சின் இரு வகையாக வந்தது. ஸ்விப்ட்டில் நிலையான டர்போவோடு 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர், 2000 சுற்றில். எர்டிகாவில் சுழலியைச் சுற்றிய சிறகுகள் திறந்து மூடும் டர்போவோடு 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர், 1750 சுற்றில். சிறகு மூடினால் சிறிய ஏ/ஆர், திறந்தால் பெரிய ஏ/ஆர். இரு கூட்டின் வேலையை ஒன்றே செய்கிறது. விலைதான் கூடுதல்.

டர்போவோடு வரும் வண்டியை வாங்குவோர் இத்தனை கணக்கும் போட வேண்டியதில்லை. விளம்பரத் தாளில் முறுக்குவிசைக்கு எதிரே உள்ள சுற்று எண்களைப் படித்தால் போதும். ஹூண்டாயின் 998 கன செ.மீ. டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு 172 நியூட்டன் மீட்டர், '1500 முதல் 4000 வரை' என்றிருக்கும். அந்த 1500 என்பது டர்போ விழிக்கும் இடம். நெரிசலில் ஓட்டுவோர்க்கு குதிரைத்திறனைவிட இந்த எண்ணே பயன் தருவது என்பது என் கருத்து.

மலையூர்க்காரர்க்கு ஒரு சொல். உதகையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.77 பார். அங்கும் 0.6 பார் கூடுதல் அழுத்தம் கேட்டால் அழுத்த விகிதம் 1.6 அன்று, 1.78. சக்கரம் அதற்கேற்ப விரைந்து சுழல வேண்டும். உயரத்தில் இழந்த காற்றை டர்போ மீட்டுத் தரும் என்பதைச் சான்போர்டு மாஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1918இலேயே பைக்ஸ் சிகரத்தின்மேல், 4300 மீட்டர் உயரத்தில், விமான எஞ்சின் ஒன்றை ஓட்டிக் காட்டினார். மீட்கும், ஆனால் விளிம்பில் ஓடும் சிறு டர்போவுக்கு அது கூடுதற் சுமை.

சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதற்குத் தடையுண்டு. விபத்தின்போது காப்பீட்டாரும் இதைக் கேட்பர். மருமகனுக்கு இதையும் யாரும் சொல்லவில்லை. அப்போது எனக்கும் தெரியாது.

அந்த வண்டி இப்போது பழையபடி டர்போ இல்லாமல் ஓடுகிறது. எஞ்சினைச் சீர்செய்ய வாங்கிய கடனுக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி. 76 மி.மீ. சக்கரம் என் மேசைமேல் விடைத்தாள் கட்டுக்குப் பாரமாக இருக்கிறது. சென்ற பெருநாளுக்கு வந்தபோது அவன் இரண்டு மகிழுந்துகளின் விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து விரித்து, பென்சிலால் இரு இடங்களில் வட்டமிட்டான். ஒன்றில் 1500, மற்றொன்றில் 1750. "இதுல எது மாமா?" என்றான். எந்தச் சாலையில் ஓட்டப் போகிறாய் என்று கேட்டேன்.